போகிக்கு ஒதுக்கிய காகிதம்

போகிக்கு முதல் நாள், அனகாபுத்தூரில் தறிக்குடும்பத்தைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி, எரிக்க ஒதுக்கிய காகிதக் கட்டுடன் வந்து, “ஐயா, இவற்றில் வேண்டியது ஏதேனும் உண்டா?” என்றாள். 20-ஆம் வயதில் ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்காக மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற குறிப்பு அதில் இருந்தது. இப்போது அவளுக்கு வயது 42.

“அது தீர்ந்த கதைதானே, ஐயா?”

நானும் அப்படித்தான் எண்ணினேன். எதற்கும் மருத்துவரான என் மருமகனைக் கேட்டேன்.

1957-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் கருவி வந்தது தொட்டு, நம் பக்கத்திலும் கதிர் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதனைப் பழிப்பது நன்றிகேடு. ஆயினும், 30 வயதுக்குள் மார்பில் கதிர் பெற்ற பெண்களுக்கு, ஏறக்குறைய எட்டாண்டுகளுக்குப் பின் மார்பகப் புற்று தோன்றும் வாய்ப்பு உயர்கிறது. பல பத்தாண்டுகள் கழிந்தும் அது தணிவதில்லை. இன்று கதிரின் அளவையும் பரப்பையும் குறைத்துவிட்டனர். பழைய முறையில் பெற்றவர்களோ நம்மிடையே வாழ்கின்றனர். சிகிச்சைக்குப் பின் எட்டாம் ஆண்டு, அல்லது 25-ஆம் வயது, இவற்றுள் பிந்தியது முதல் ஆண்டுதோறும் மேமோகிராமும் எம்.ஆர்.ஐ. படமும் இவர்களுக்கு வேண்டும்.

கதிரின் அளவு, பட்ட இடம், ஆண்டு மூன்றும் அக்குறிப்பில் இருந்தன. அதனை மட்டும் உருவி உறையிலிட்டுக் கொடுத்தேன். பொங்கல் கழிந்ததும் மருத்துவரிடம் காட்டுவதாகச் சொல்லிச் சென்றாள்.