வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள்

வேங்கிக்கால்காரர்களுக்குத் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை கிட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பௌர்ணமிக் கூட்டத்திலும் வேலூர் சாலை லாரிகளுக்கு நடுவிலும் வேகமாகச் சைக்கிள் மிதிக்க முடியாது. அதனால் சிலருக்கு, சொந்தச் சைக்கிளை வீட்டுக்குள்ளேயே மாட்டி மிதிக்க உதவும் ஸ்மார்ட் டிரெய்னர் மேல் ஆசை.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, செயினை டிரெய்னரின் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். அதோடு இணைத்த செயலியின் திரையில் மேடு வந்ததும் உள்ளிருக்கும் மின்காந்தம் சுழற்சியை இழுத்துப் பிடிக்கும், தொடை கடுக்கும். அருமையான பொறியியல்!

உயர்ரகத்தின் விலை லட்சத்தைத் தாண்டும். மிதிக்கும் வாட் கணக்கில் பிழை ஒரு சதவீதம்தான் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். நடுத்தர ரகத்தில் இரண்டு, இரண்டரை. பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கு நடுத்தரமே தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல மின்விசிறி வாங்குங்கள். அறைக்குள் எதிர்காற்று கிடையாது, வியர்வை கொட்டும். ஹேண்டில்பார் மேல் துண்டு போடாவிட்டால் போல்ட்டெல்லாம் துருப்பிடிக்கும். பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கடையில் கேட்டுவிடுங்கள்.