காய்கறிப் பையில் வந்த வசந்தம்

(டெல்லி உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



வசந்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கவிகளை விட்டுவிட்டு உங்களை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகிறேன். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: டில்லி ஹாட்டுக்கு எதிரே உள்ள சந்தை அது. முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை எல்லாம் கிடைப்பதால் நம்மவர்களுக்குப் பழகிய இடம்.

நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவன். ஆனாலும் வசந்தம் வந்துவிட்டதை முதலில் கண்டுபிடிப்பவள் என் சகதர்மிணிதான். மாசி மாதம் சிவப்புக் காரட்டை ஒடித்துப் பார்ப்பாள். "நடுவிலே கட்டை விழுந்துடுத்து, இனிமே அல்வாவுக்கு ஆகாது" என்பாள். குளிர் கழிந்து பகல் நீண்டதும் காரட் பூத்தண்டு விடத் தயாராகிறது, அதனால் நடுப்பகுதி நாராகிறது என்று நான் விளக்குவேன். "தெரிஞ்சுண்டு என்ன, பையைப் பிடியுங்கோ" என்பாள். அதே சமயத்தில் பச்சைக் கொண்டைக்கடலை செடியோடு கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வெளியே வந்தால் இலவ மரம், ஓர் இலைகூட இல்லாமல், கிண்ணம் கிண்ணமாய்ச் சிவப்புப் பூவோடு நிற்கும். மேலே மைனாக்களின் கூச்சல் காதைத் துளைக்கும்.

நம் கணக்கில் இளவேனில் சித்திரையில்தான் ஆரம்பம். டெல்லியில் சித்திரைக்குள் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்த்துவிடும். இங்கே மாசி, பங்குனிதான் வசந்தம்.

இதையெல்லாம் அவள் மாதக் காலண்டரில் குறித்து வைப்பாள். "கடலைக் கட்டு வந்தது", "குயில் கூவித்து", "வேப்பம்பூ" என்று, பால் கணக்குக்குப் பக்கத்திலேயே. சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அந்தக் காலண்டர்களைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டவன் நான். ஏழு மட்டும் தப்பின. அவள் காலமான பிறகுதான் அவற்றை உட்கார்ந்து படித்தேன்.

இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலச்சுவான்தார் 1736-ல் இப்படித்தான் முதல் பூ, முதல் துளிர் என்று தேதி குறிக்க ஆரம்பித்தார். அவர் குடும்பம் 1958 வரை எழுதியது. பருவம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் அதைப் புரட்டுகிறார்கள். நம் தேசத்திலும் 2010 முதல் 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் பள்ளிக் குழந்தைகள்கூட மரங்களைக் கவனித்துக் குறிப்பு அனுப்புகிறார்கள்.

அவசியம் இல்லாமலா? 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவரை காணாத வெப்பமான மார்ச் 2022-ல் வந்தது. பால் பிடிக்கும் கோதுமை வாடியது. அந்த மே மாதம் ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். டெல்லியில் அந்த வருஷம் வசந்தம் வந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

இப்போது காலண்டரில் நான் எழுதுகிறேன். காரட்டை ஒடித்தும் பார்க்கிறேன். கட்டை விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை. கடைக்காரரைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.