பிளாட்பாரப் பிள்ளைகள் வென்ற உலகக் கோப்பை

(திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியதன் சுருக்கம்)



கூலியையும் போனஸையும் பேச வேண்டியவன் கால்பந்தைப் பேச வந்துவிட்டானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இதுவும் கூலிக்காரன் வீட்டு விஷயம்தான்.

கால்பந்து உலகக் கோப்பை 1930-ல் உருகுவே நாட்டில் ஆரம்பித்தது. 1950-ல் பிரேசிலில் நடந்தபோது நம் நாட்டுக்கும் இடம் கிடைத்தது; நம் அணி போகவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நம் ஆண்கள் அணி அந்தப் பந்தயத்தில் ஆடியதே இல்லை.

ஆனால் இன்னொரு உலகக் கோப்பை இருக்கிறது. தெருவோரக் குழந்தைகளுக்கான உலகக் கோப்பை. அதை முதன்முதலில் வென்ற நாடு எது? இந்தியா! ஆடியவர்கள் யார்? பக்கத்துத் தண்டையார்பேட்டையில் இருக்கும் கருணாலயா இல்லத்தின் பிள்ளைகள். தெருவின் வெயிலையும் மழையையும் கண்ட பிள்ளைகள்.

2010 மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுக நகரில் அது நடந்தது. எட்டு அணிகள் வந்தன. கடைசி ஆட்டத்தில் தான்சானியாவை வென்று நம் பிள்ளைகள் கோப்பையை எடுத்தார்கள். அதே நாட்டில், அதே ஆண்டு ஜூன் மாதம் பெரிய உலகக் கோப்பை கோலாகலமாக ஆரம்பித்தது.

டர்பனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பெரிய விழா வரும்போதெல்லாம் தெருப் பிள்ளைகளைப் பிடித்து வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடும் வழக்கம் அங்கே இருந்தது. பணக்கார விருந்தாளிகளின் கண்ணில் வறுமை படக்கூடாதாம்! அந்த ஊரிலேயே அந்தப் பிள்ளைகள் பந்தாடினார்கள். ஆட்டத்தோடு நிற்கவில்லை, கூடி உட்கார்ந்து தங்கள் உரிமைகளைப் பேசினார்கள். "நாங்களும் மனிதர்கள்" என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம்.

2014-ல் ரியோவில் தான்சானியப் பையன்கள் வென்றார்கள். 2018-ல் மாஸ்கோவில் உஸ்பெகிஸ்தான், 2022-ல் தோஹாவில் எகிப்து. பெண் பிள்ளைகளில் மூன்று தடவையும் பிரேசில்தான். மாஸ்கோவுக்கு நம் வட சென்னைப் பெண் பிள்ளைகளும் போய் ஆடினார்கள். சமையல், தண்ணீர்க் குடம், தம்பி தங்கை என்று பெண்ணைக் கட்டிப்போடும் நம் ஊரிலிருந்து அவர்கள் பூட்ஸ் மாட்டிப் புறப்பட்டது சாமானியக் காரியமா?

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் வேண்டுமென்றால் பிறந்த தேதிக்குச் சான்று கேட்பார்கள், விலாசத்துக்குச் சான்று கேட்பார்கள். பிளாட்பாரத்தில் பிறந்த பிள்ளைக்கு விலாசம் ஏது? விலாசம் இல்லாதவனுக்கு ரேஷன் இல்லை, பள்ளியில் சேர்ப்பதும் பெரும்பாடு. அதனால்தான் பிறப்புப் பதிவு ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டும் என்பதையும் இந்தப் பந்தயத்தின் கோரிக்கையாக்கினார்கள்.

அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? வானத்திலிருந்து குதிக்கவில்லை. மழை பொய்த்து, கடன் ஏறி, கிராமத்தில் கூலி வேலை அற்றுப்போனவன் மூட்டை தூக்க இந்தத் துறைமுகப் பக்கம் வந்தான். ஆலை மூடியதும் வாடகை கொடுக்க முடியாதவன் குடும்பத்தோடு ரோட்டுக்கு வந்தான். அந்த இருவரின் பிள்ளைகள்தான் அவர்கள். விவசாயத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உறவு மேடையில் மட்டும் இல்லை. ராயபுரம் பிளாட்பாரத்திலும் இருக்கிறது.

நல்ல மனம் கொண்டவர்கள் இல்லம் நடத்துகிறார்கள், பந்து வாங்கித் தருகிறார்கள், கடல் கடந்து அழைத்துப் போகிறார்கள். அவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தர்மத்தால் ஓர் அணிக்குத்தான் விமானச் சீட்டு கிடைக்கும். எல்லாப் பிள்ளைக்கும் வீடும் பள்ளியும் கிடைக்க உரிமைப் போராட்டம் வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகளில் இவற்றையும் சேர்ப்போம்: பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் சான்றிதழ், வேலை செய்யும் இடத்தின் அருகிலேயே வீடு, பேட்டைக்கு ஒரு மைதானம். வீடு தருகிறோம் என்று சொல்லி வெகுதூரத்தில் கொண்டுபோய்த் தள்ளினால் அப்பன் வேலையும் போகும், பிள்ளை படிப்பும் போகும்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போகும் வழியில் தெருவிளக்கின் கீழே பந்து உதைக்கும் பையனைப் பார்த்தால், தொந்தரவு என்று விரட்டாதீர்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவன் நம் வர்க்கத்தின் பிள்ளை. உலகத்தையே வென்றுகாட்டியவர்களின் தம்பி!