பேர் பதிந்தவர் வீடு



இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாரிடமாவது “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டால் பதில் ஒரே எண்ணாக வராது. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்தவர்கள் இத்தனை, கொழும்பில் இத்தனை, ராத்திரி படுக்க இத்தனை என்று பிரித்துத்தான் சொல்வார்கள். மூன்றும் மூன்று கணக்கு.

படுக்கும் இடம் லயக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம், பின்னால் குசினி என்கிற சமையலறை. கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்களைத் தங்கவைக்கக் கட்டத் தொடங்கிய அமைப்பு இது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்ட பிறகும் அதே அளவில்தான் லயங்கள் வரிசையாக எழும்பின. பிறந்து, வளர்ந்து, கலியாணம் முடித்து, பேரப்பிள்ளை காணும் குடும்பத்துக்கு என்று அந்த அளவை யாரும் போடவில்லை.

அப்படி ஒரு காம்பராவுக்குள் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், யாருக்கு என்ன வயது என்று படுக்கிற இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். புதிதாகக் கலியாணமான மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் சுவரோரம். நடுவே ஒரு பழைய சேலை, கயிற்றில் மறைப்பாகத் தொங்கும். சேலைக்கு இந்தப் பக்கம் வயசுக்கு வந்த மகளும் அப்பாயியும். அம்மா குசினியில், அடுப்புச் சூட்டோடு சுருண்டிருப்பார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தேத்தண்ணி வைத்து, ரொட்டி தட்டி, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போக வேண்டியவர். அப்பா இஸ்தோப்பில். சாரல் அடிக்காமல் சுற்றிவரப் பொலித்தீன் கட்டியிருக்கும். கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்தியிருப்பார். பேரப்பிள்ளை பிறந்தால் எல்லோரும் ஓரிடம் தள்ளிப் படுக்க வேண்டும். ஊவாவில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதை இந்த நெருக்கடியின் வேதனையைத்தான் பேசுகிறது. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் இரவைக் கழிக்கிற பெற்றோரின் கூச்சத்தை அந்தக் கதையைப் படித்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

தனியாகப் போய்விடலாமே என்று வெளியிலிருப்பவர்கள் கேட்பதுண்டு. எங்கே போவது? லயம் தோட்டத்தின் சொத்து. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காம்பரா மட்டும் அதில் குடியிருந்தவர் பெயருக்கு மாறவில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். ஆனால் அந்த வயது நெருங்கும்போது பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல: அம்மா வேலையை விட்டால் அடுத்து யார் பேர் பதிவது? பெரும்பாலும் அந்தச் சுமை மருமகளின் தலையில், கொழுந்துக் கூடையோடு சேர்ந்து ஏறுகிறது. படிக்க விரும்பிய ஒரு பெண் வீட்டைக் காப்பாற்றவே மலையேறுகிறாள் என்றால், அதைக் குடும்பத்தின் முடிவு என்று சொல்வது நியாயமாகாது.

மற்றப் பிள்ளைகள் தோட்டத்தைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கொழும்புக் கடைகள், ஆடைத் தொழிற்சாலைகள், பிறர் வீட்டுச் சமையலறைகள். தாய் வளைகுடா நாட்டுக்குப் போன வீட்டில் அம்மாயியே பிள்ளைக்குத் தாய். ஐரோப்பாவில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயதைக் கணக்கெடுக்கிறார்கள். 2022இல் அது பின்லாந்தில் ஏறக்குறைய 21, குரோசியாவில் 33. தோட்டத்தில் அப்படி ஒரு வயதைக் குறிக்க முடியாது. பதினெட்டில் பஸ் ஏறிய பையனின் வாக்கு, விலாசம், கலியாணப் பேச்சு எல்லாம் லயத்திலேயே இருக்கின்றன. தீபாவளிக்கு முதல் நாள் அவன் பையோடு வந்து இறங்கும்போது, அப்பாவின் இஸ்தோப்பில் இன்னொரு பாய் விரியும்.

குடும்பத்தைப் பிரிக்கும் முடிவு வெளியிலிருந்து வருவதும் இந்த மக்களுக்குப் புதிதல்ல. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அண்ணன் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு. இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள்.

இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழும்புகின்றன. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மனத்துக்கு நிறைவான வேலை, சந்தேகமில்லை. ஆனால் ஒரு காம்பராவுக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும்போது, கதவை எண்ணி வீடு கொடுத்தால் போதாது. சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் தனிக் குடும்பமாக எண்ண வேண்டும்.

மகன் புது வீட்டுக்குப் போன பிறகு, பழைய காம்பராவில் அப்பாவும் அம்மாவும் மிஞ்சுகிறார்கள். கயிற்றிலிருந்து சேலையை அவிழ்த்து அம்மா மடித்து வைக்கிறார். இத்தனை வருடம் இஸ்தோப்பில் கிடந்தவர் அன்றைக்குக் காம்பராவுக்குள் பாயை விரிக்கிறார்.