மெடிக்கல் கார்டை நம்பி நாள் குறிக்கலாமா?
(சங்கத்தின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாங்கள் சொன்னபோது செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். அழகுக்காகச் செய்துகொள்கிற காரியத்துக்கு சங்கத்தில் எதற்கு மேடை என்றும் கேட்டார்கள். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். நம்முடைய கணக்கை எடுக்க ஆய்வு எதுவும் வேண்டாம். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து, இரவு பன்னிரண்டுக்கு மிச்சமிருக்கிற கறியோடு சோறு சாப்பிட்டுப் படுக்கிற வாழ்க்கை நம்முடையது. கம்போங் மேடானில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு இனிப்பு நீர்க்காரர் இருப்பார். அழகைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஓர் அண்ணன். வயது நாற்பத்திரண்டு. எடை 118 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. அவருக்கு 41.8 வந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் உண்டு. அவருடைய அத்தா சர்க்கரையால் ஒரு காலை இழந்து, ஐம்பத்தாறு வயதில் மௌத்தானவர். ஆகவே மருத்துவர் இரைப்பை அறுவையைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் உடனே சம்மதித்தார். பதினொரு வருடமாகப் பணம் கட்டி வந்த மெடிக்கல் கார்டு கையில் இருக்கிறதே!

தனியார் மருத்துவமனை ஒன்று 38,000 ரிங்கிட் என்று மதிப்பீடு கொடுத்தது. உத்தரவாதக் கடிதத்துக்கு, நாம் ஜி.எல். என்கிறோமே அதற்கு, விண்ணப்பம் போனது. இரண்டே நாளில் மறுப்பு வந்தது. பாலிசியின் விலக்குப் பட்டியலில் உடல் பருமனுக்கும் எடை குறைப்புக்குமான சிகிச்சை இருக்கிறது என்று ஒரே வரி. கார்டு விற்ற ஏஜென்ட் அன்றைக்கு "எல்லாம் கவர்" என்று சொல்லியிருந்தார்.

இந்த நாட்டில் விற்கப்படுகிற மெடிக்கல் கார்டுகளில் பெரும்பாலானவை, காப்புறுதியானாலும் தக்காஃபுல் ஆனாலும், எடை குறைப்பு சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கின்றன. "தக்காஃபுல் நம்முடையது, தரும்" என்று சிலர் நினைக்கிறார்கள். தக்காஃபுலில் நாம் போடுவது தபர்ருஃ, ஒருவருக்கொருவர் உதவும் பொது நிதி. நிதி பொது என்பதாலேயே எதற்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சில திட்டங்களும், சில கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்புறுதியும் தரக்கூடும். மனைவியோ பிள்ளையோ பெரிய நிறுவனத்தில் வேலை செய்தால் அங்குள்ள மனிதவளப் பிரிவில் முதலில் கேளுங்கள்.

கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். போனில் கிடைக்கும் "ஆமாம்" பிறகு உதவாது. இரண்டு கேள்விகள் போதும். இந்த அறுவை விலக்கில் இருக்கிறதா என்பது ஒன்று. நம் சொந்தப் பணத்தில் செய்துகொண்ட பிறகு ஒரு கசிவோ கிருமித் தொற்றோ வந்து மீண்டும் படுக்க நேர்ந்தால், அந்தச் செலவைக் கார்டு ஏற்குமா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல குடும்பங்கள் கடனில் விழுவது அங்கேதான்.

பாலிசியில் இடம் இருந்தால் ஒப்புதலைப் பெற்றுத் தருவது ஆவணங்கள். அறுவைக்கு முன்பே கோப்பு தயாராக வேண்டும்: பல வருட எடைக் குறிப்புகள், சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ.1சி முடிவுகள், தூக்கப் பரிசோதனை அறிக்கை, உணவு ஆலோசகரிடம் போய் வந்த பதிவுகள், இது ஏன் தேவை என்று நிபுணர் எழுதிய கடிதம். 1991இல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோல் பி.எம்.ஐ. 40, அல்லது நோய்களோடு 35 என்று இருந்தது. 2022இல் அனைத்துலக அறுவை நிபுணர் சங்கங்கள் அதைத் திருத்தி, ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையை அளிக்கலாம் என்றன. மருத்துவ உலகம் மாறிவிட்டது, பாலிசிப் புத்தகம் இன்னும் மாறவில்லை.

ஊரில் உறவு உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் இந்த விலக்கின் வாசகத்தையே எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக்கியிருக்கிறது. வயது பதினெட்டு நிரம்பி, மருத்துவர் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40 இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தாலோ அந்த விலக்கு பொருந்தாது. ராமநாதபுரத்திலும் கடையநல்லூரிலும் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இதைச் சொல்லுங்கள். இங்கிருந்து மெட்ராஸுக்குப் போய்ச் செய்துகொண்டு பத்து நாளில் திரும்புவதை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டிய மருத்துவர் அங்கே இருப்பார், நாம் இங்கே இருப்போம்.

அண்ணனிடம் ஒருவர், "குடலிறக்கம் என்று எழுதச் சொல்லுங்கள், கார்டு பாஸ் ஆகிவிடும்" என்று காதில் சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார். அது ஹராம் என்பது ஒரு பக்கம். பொய் வெளிப்பட்டால் கார்டே ரத்தாகும், பிறகு மாரடைப்புக்கும் கார்டு இருக்காது. புதிதாகக் கார்டு எடுக்கிறவர்களும் எடையையும் சர்க்கரையையும் மறைக்காதீர்கள். இரண்டு வருடம் தாண்டினால் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்று சொல்வார்கள். மோசடிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மறுப்பு தவறு என்று தோன்றினால், முதலில் நிறுவனத்துக்கே முறையீடு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். அந்தக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தைகள் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.ஸுக்குப் போகலாம். நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விலக்கு தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால் அவர்களும் ஒன்றும் செய்வதற்கில்லை. அண்ணனின் நிலை அதுதான்.

அவர் போன வழி வேறு. அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, பல்கலைக்கழக மருத்துவமனையில் வரிசையில் நின்றார். நமக்கு லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் பக்கம். செராஸில் யு.கே.எம். மருத்துவமனையும் உண்டு. காத்திருப்பு நீளம். அறுவையில் பயன்படும் தையல் கருவிகளின் செலவு நம் தலையில் வரலாம், முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அண்ணன் கடையிலிருந்து கொஞ்சமும், கே.டபிள்யூ.எஸ்.பி.யின் ஃபிலெக்சிபல் கணக்கிலிருந்து கொஞ்சமும் எடுத்துக் கட்டினார்.

காத்திருந்த ஏழு மாதம் வீணாகவில்லை. சிகரெட்டை விட்டார். வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், மனநல ஆலோசகரும் பேசினார். தே தாரிக் போய் தே ஓ கொசோங் வந்தது. அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் ஏறக்குறைய பானங்கள்தான். கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும் ஈரல் சுருங்கினால்தான் நிபுணருக்கு இரைப்பை எட்டும். அந்த இரண்டு வாரமும் ராத்தா வீட்டில் தாளிக்கவே இல்லை. பிள்ளைகள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இந்த அறுவைக்கு ஆயத்தம் ஒரு ஆளுடையது இல்லை, முழு அடுப்படியுடையது.

நம்மவர்கள் கூடுதலாகக் கேட்க வேண்டியவை உண்டு. அறுவைக்குப் பிறகு இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனோக்சாபரின் ஊசி பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. மாற்று மருந்து கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2009இல் தேசிய ஃபத்வா குழு முடிவு செய்திருக்கிறது. ஃபொண்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்து இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஒத்துவராமல் போகலாம். அதனால் படுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வைட்டமின் குளிகைகளின் ஜெலட்டினையும் கேளுங்கள், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியவை அவை. ரமலானைப் பார்த்து நாள் குறியுங்கள். அறுவைக்குப் பின் வரும் முதல் ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கூடாது என்றால், களாவா ஃபித்யாவா என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம். குழந்தை பெற விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை தள்ளிப்போட வேண்டியிருக்கும். இதை மாமியார்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

அண்ணனுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. சர்க்கரை மாத்திரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. முடி கொட்டியது. கந்தூரி வீட்டில் ஒரு கைச் சோற்றோடு எழுந்தால் "என்ன கோபம்?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு சங்க அலுவலகத்தில் நாங்கள் இருப்போம். உங்கள் பாலிசிப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். விலக்குப் பக்கத்தை உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். கார்டை மட்டும் கொண்டு வராதீர்கள், அதில் ஒன்றும் எழுதியிருக்காது.