எந்த ரத்தம் கெட்டுப் போகும்?

(சாதி மறுப்புத் திருமணம் ஒன்றில் ஆற்றிய வாழ்த்துரையின் எழுத்து வடிவம்)



இந்தத் திருமணப் பேச்சு தொடங்கியபோது, "நம்ம ரத்தம் கெட்டுப் போயிடும்" என்று உறவினர் சிலர் சொன்னார்களாம். நான் உயிரியல் ஆசிரியை. அந்த ரத்தத்தைப் பற்றியே பேசுகிறேன்.

என் அக்காவைத் தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் செய்யவில்லை. பிறந்த பையனுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். "இவ வயிறு சரியில்லை" என்று பழி அக்காமேல் விழுந்தது.

அறிவியல் என்ன சொல்கிறது? இந்த நோய்க்கான மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. ஒன்று மட்டும் பழுதென்றால் ஆள் நலமாகவே இருப்பார். தான் சுமப்பதே அவருக்குத் தெரியாது. கணவன், மனைவி இருவரும் அப்படிச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. மாமா தந்த பழுதும் சேர்ந்துதான் பிள்ளைக்கு நோய் வந்தது. ஆனால் ஏச்சு வாங்கியது அக்கா மட்டும்.

பாட்டியோ தாத்தாவோ அறியாமல் சுமந்த ஒரே பழுது, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, பேரப்பிள்ளையிடம் மீண்டும் சேர்ந்திருக்கலாம். சொந்தத்துக்குள் நடப்பது இதுவென்றால், சிறிய சாதி ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே மணந்துகொண்டால் என்ன ஆகும்?

தூய ரத்தம் என்பதும் பொய். இந்திய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே பரவலான கலப்பு நடந்தது என்கிறது. அதன் பிறகுதான் கதவுகள் சாத்தப்பட்டன. அந்தக் கதவுக்கு அகமணம் என்று பெயர். சாதியின் அடிப்படையே அதுதான் என்று 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்துவைத்தார் அண்ணல் அம்பேத்கர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நோய்க்குப் பயந்து நாம் சாதியை எதிர்க்கவில்லை. ஒரு நோயும் வராவிட்டாலும் சாதி அநீதிதான். அதேபோல், சாதி மாறி மணந்தாலும் பரிசோதனை தேவைதான். மணமக்கள் இருவரும் அதைச் செய்துகொண்டதாகச் சொன்னார்கள். பாராட்டுகிறேன்.

என் அக்கா மகனுக்கு இன்றைக்கு வயது 14. அவன் உடம்பில் ஓடுவது முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தம். ரத்தப் பையில் வகை எழுதியிருக்கும், சாதி எழுதியிருக்காது. "கெட்டுப் போயிடும்" என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

மணமக்கள் நீடு வாழ்க!