கூலி என்று எழுதிய கை

(அரும்பாவூரில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

ஒரு சினிமாப் பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 'இயக்கக் கூட்டத்துல சினிமாவா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். சேரியில் ஒலித்த எதுவும் நமக்கு அரசியல்தான்.

1989இல் 'கரகாட்டக்காரன்' வந்தது. கங்கை அமரன் இயக்கம், இளையராஜா இசை. பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள். மூத்தவர் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தவர்கள். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' நாதஸ்வரத்தையும் பரதத்தையும் மோதவிட்டுச் சேர்த்து வைத்தது. இருபத்தொரு வருசம் கழித்து, கிட்டத்தட்ட அதே கதைப்போக்கில் இரண்டு கரகாட்டக் குழு. கதை சதங்கையிலிருந்து கரகத்துக்கு, மண்டபத்திலிருந்து தெருவுக்கு இறங்கியது.

'மாங்குயிலே பூங்குயிலே'வை எஸ்.பி.பாலசுப்ரமணியமும் எஸ்.ஜானகியும் பாடினார்கள். தரவரிசைப் பட்டியலெல்லாம் நம்மூரில் ஏது? டீக்கடை, கேசட் கடை, மைக்செட், இவைதான் பட்டியல். மூன்றிலும் அதுதான் முதலிடம். படம் மதுரையில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடியது.

எங்கப்பா மைக்செட்டுக்குக் குழாய் கட்டப் போனவர். நான் பிறப்பதற்கு முந்திய கதை. ஊர்த்தெருக் கல்யாணத்தில் அந்தப் பாட்டை மூணு தரம் போடச் சொல்வார்களாம். "பாட்டு முன்வாசல்ல, நமக்குச் சாப்பாடு பின்வாசல்ல" என்பார்.

அது அந்தக் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த ஒரு வங்கிக் கிளைக்கு, மாட்டுக் கடன் கேட்டு ஓர் அம்மா வந்தார். கையில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை.

"தொழில் என்னம்மா?"

"ஆட்டம்ங்க சார். கரகம்."

உள்ளிருந்து மேலாளர் குரல்: "கூலின்னு போடுங்க, அதான் பாஸாகும்."

போட்டேன். கவிதை எழுதுகிற இதே கை.

"என்ன சார் எழுதுனீங்க?"

"நீங்க சொன்னதைத்தாம்மா."

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பொய் சொன்னேன். கடன் கிடைத்தது. நாற்பது வருச ஆட்டம் அந்தத் தாளில் இல்லாமல் போனது.

தோழர்களே, இந்த அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. உளி பிடிக்கும் கைக்கு ஒரு பேர் உண்டு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. தலையில் கரகம் தாங்குகிறவருக்கும், பறை கட்டி அடிக்கிறவருக்கும் ஒரு விண்ணப்பத் தாளில்கூடப் பேர் இல்லையா?

பாட்டைக் கொண்டாடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும், அம்மா அப்பா பேரில் இருக்கிற தாள்களை எடுத்துத் 'தொழில்' என்ற இடத்தைப் பாருங்கள். தப்பாக இருந்தால் கொண்டு வாங்க. தப்பாக எழுதிய கை இதுதான். திருத்தி எழுதிக் கொடுக்கவும் இதே கை வரும்.